வியட்நாம்: ஆலைக்கு முன் வயல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடியில் வியட்நாம் நிறுவனம் ஒன்றின் மின்சார வாகன ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டதிலிருந்து அந்த நாட்டைப் பற்றிய பேச்சு நம்மிடையே கூடியிருக்கிறது. தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையும் அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான். வியட்நாம் தன் கதவுகளைத் திறந்தது, வெளிநாட்டு ஆலைகள் வந்தன, ஏற்றுமதி பெருகியது, அதனால் கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து மீண்டனர் என்பது அக்கட்டுரையின் சாரம். இதில் ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே உண்மைதான். ஆனால் எது முதலில் நடந்தது, எது பின்னர் நடந்தது என்பதில் கட்டுரையாளர் தவறியிருக்கிறார். வறுமை ஒழிப்பைப் பொறுத்தவரை இந்த முன்பின் சிறிய விஷயமன்று என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பகுதியில் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கொடுப்பதும் வசூலிப்பதுமாக முப்பத்தோராண்டுகள் கழித்தவன் நான். பணி ஓய்வுக்குப் பின், 2011 பிப்ரவரியில், உழவர் குழு ஒன்றோடு சேர்ந்து தென் வியட்நாமின் மீகாங் கழிமுகப் பகுதியில் பன்னிரண்டு நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. வாய்க்கால், வரப்பு, மூன்று போகம் என்று நம் காவிரிப் படுகைக்காரனுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும் ஊர் அது. திரும்பி வந்த பிறகு அந்த நாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். வியட்நாம் அரசின் புள்ளிவிவரத் துறையும் உலக வங்கியும் சேர்ந்து வகுத்த வறுமைக் கோட்டின்படி, 1993இல் அந்நாட்டு மக்களில் 58 சதவீதத்தினர் ஏழைகள். 1998இல் அது 37 சதவீதமாகவும் 2002இல் 29 சதவீதமாகவும் குறைந்தது. அதாவது ஒன்பதே ஆண்டுகளில் வறுமை பாதியாகிவிட்டது. அமெரிக்காவுடனான வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததோ 2001 டிசம்பரில். உலக வணிக அமைப்பில் வியட்நாம் சேர்ந்தது 2007 ஜனவரியில். கட்டுரையாளர் சிறப்பித்து எழுதியிருக்கும் பாக் நின் மாகாணத்துச் சாம்சங் ஆலை கைப்பேசிகளைத் தயாரிக்கத் தொடங்கியது 2009இல். அந்த ஆலையின் முதல் கைப்பேசி வெளியே வருவதற்கு முன்பே வறுமையின் பெரும்பகுதி குறைந்துவிட்டது. அப்படியானால் அதைக் குறைத்தது எது?

நெல்தான் முதன்மையான காரணம் என்பது என் எண்ணம். இன்னும் சரியாகச் சொன்னால், நெல்லை விளைவித்தவர்கள் கைக்கு நிலமும், நிலத்துக்கான ஆவணமும், விளைச்சலுக்கான விலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்ததுதான்.

அதற்கு முந்தைய காலத்தை அங்குள்ள முதியவர்கள் மானியக் காலம் என்றே குறிப்பிடுகிறார்கள். அரிசி, இறைச்சி, துணி, மண்ணெண்ணெய் எல்லாமே கூப்பனுக்குத்தான் கிடைக்கும். யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால் 'அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவன் போல இருக்கிறாயே' என்று கேட்கும் வழக்கு வியட்நாமிய மொழியில் இன்றும் இருக்கிறது. கிராமத்தில் நிலம் கூட்டுறவுப் பண்ணைக்குரியது. மணியடித்ததும் வயலுக்குப் போக வேண்டும். செய்த வேலைக்குப் புள்ளி போடுவார்கள். அறுவடை முடிந்து, அரசுக்கு அளக்க வேண்டியதை அளந்த பின் மிஞ்சியதைப் புள்ளிக் கணக்குப்படி பிரிப்பார்கள். குடும்பங்கள் சொந்தமாகப் பயிரிட்டுக்கொள்ள மொத்த நிலத்தில் 5 சதவீதம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தச் சிறு துண்டில் கீரையும் காயும் வளர்த்துப் பன்றியும் கோழியும் பேணிக் குடும்பங்கள் ஈட்டிய வருமானம், கூட்டுப் பண்ணையிலிருந்து வந்ததற்கு ஈடாகவும் சில இடங்களில் அதைவிடக் கூடுதலாகவும் இருந்தது. அதே உழவர், அதே மண், அதே தண்ணீர். விளைச்சல் யாருக்கு என்பது மட்டுமே வேறு. இந்த ஒன்றைக் கண் திறந்து பார்ப்பதற்கு ஆட்சியாளர்களுக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஹனோய்க்கு அருகிலிருந்த வின் ஃபுக் மாகாணத்தின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளரான கிம் நோக், 1966இல், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், வயல்களைக் குடும்பங்களிடம் ஒப்பந்த முறையில் பிரித்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். விளைச்சல் கூடியது. ஆனால் 1968இல் கட்சித் தலைமையின் சார்பில் ட்ருவோங் சின் அதைக் கொள்கைப் பிறழ்வு என்று கடுமையாகக் கண்டித்தார், முயற்சி நிறுத்தப்பட்டது. கிம் நோக் 1979இல் காலமானார். அவருக்கு உயரிய அரசு விருதுகள் வழங்கப்பட்டது 1995இலும் 2009இலும்தான். அவரைக் கண்டித்த அதே ட்ருவோங் சின், 1986இல் சில மாதங்கள் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்தபோது, பழைய முறை தோற்றுவிட்டதை ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு டிசம்பரில் கூடிய ஆறாவது மாநாட்டுக்குப் புதிய பாதையை வகுத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தாம் முன்பு சொன்னது தவறென்று எண்பது வயதை நெருங்கும் வேளையில் ஏற்றுக்கொண்டவரை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனாலும் இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளின் பசிக்கு யார் கணக்குச் சொல்வது என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

டோய் மோய், அதாவது புதுப்பித்தல், என்று பெயர் பெற்ற சீர்திருத்தம் அந்த மாநாட்டில் பிறந்ததாகக் கட்டுரை சொல்கிறது. பெயர் பிறந்தது அங்கேதான். ஆனால் மாகாண அதிகாரிகளும் உழவர்களும் விதிகளை மீறித் தாங்களாகவே வழி தேடிக்கொண்டது பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. வேலி உடைத்தல் என்று அதற்கு அங்கே பெயர். 1981 ஜனவரியில் வந்த 100ஆம் எண் கட்சி ஆணை, நடவு, பராமரிப்பு, அறுவடை ஆகிய வேலைகளைக் குடும்பங்களிடம் ஒப்படைக்க அனுமதித்தது, ஏற்கெனவே மறைவில் நடந்ததற்குக் கொடுத்த ஒப்புதல்தான். இருந்தும் அது அரை அடி. அளக்க வேண்டிய அளவை அதிகாரிகள் உயர்த்திக்கொண்டே போனதால் சில ஆண்டுகளில் உழவர்கள் மறுபடி சோர்ந்தனர். 1988இன் முற்பகுதியில் வட மாகாணங்களில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் வாடினர். அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. அந்த ஏப்ரலில்தான் 10ஆம் எண் தீர்மானம் வந்தது. இனி குடும்பமே உற்பத்தியின் அடிப்படை அலகு. நிலம் நீண்ட காலத்துக்கு அதன் பொறுப்பில் இருக்கும். செலுத்த வேண்டியதைச் செலுத்திய பின் மீதியை விரும்பியவருக்கு விற்கலாம். மறு ஆண்டு, 1989இல், வியட்நாம் ஏறத்தாழ 14 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. முந்திய ஆண்டில் பசித்துக் கிடந்த நாடு, தாய்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த இடத்தில் வந்து நின்றது.

இது வெறும் தீர்மானத்தால் நடந்த அற்புதம் என்று சொன்னால் அதுவும் தவறாகிவிடும். அதே 1989இல் அரசு பெரும்பாலான பொருள்களின் விலைக்கட்டுப்பாட்டை நீக்கியது, பல விதமாக இருந்த நாணய மாற்று விகிதங்களை ஒன்றாக்கியது, சேமிப்புக்கான வட்டியை விலைவாசி உயர்வுக்கும் மேலே ஏற்றியது. 1986இல் பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியிருந்த நாட்டில், மூன்று மாத வைப்புத்தொகைக்கு மாதத்துக்கு 12 சதவீதம் வட்டி என்று அறிவித்தார்கள். வங்கியில் வேலை பார்த்த எனக்கு, முதன்முறை படித்தபோது அச்சுப்பிழை என்றே தோன்றியது. ஆனால் அரிசியாகவும் தங்கமாகவும் வீட்டில் பதுக்கிய செல்வம் வங்கிக்கு வரத் தொடங்கியது. 1993இல் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. நெல்லை விற்று வாங்கும் காசு அடுத்த வாரம் செல்லாக்காசு ஆகாது என்ற உறுதி இல்லாவிட்டால், விற்கும் உரிமையால் உழவருக்கு என்ன பயன்? சோவியத் உதவி 1991இல் நின்றுபோனபோதும் நாடு நிலைகுலையாமல் இருந்ததற்கு இந்த முன்னேற்பாடு ஒரு காரணம்.

அடுத்தது 1993ஆம் ஆண்டு நிலச் சட்டம். நிலம் மக்கள் அனைவருக்கும் பொது, அதை அரசு நிர்வகிக்கும் என்ற கொள்கையை விடாமலே, பயன்படுத்தும் உரிமையைக் குடும்பங்களுக்கு வழங்கிய சட்டம் அது. அந்த உரிமையை மாற்றலாம், பரிமாறிக்கொள்ளலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம், அடகு வைக்கலாம். ஆண்டுப் பயிர்களுக்கு 20 ஆண்டுகள், மரப்பயிர்களுக்கு 50 ஆண்டுகள். உரிமைச் சான்று சிவப்பு அட்டையோடு வந்ததால் சிவப்புப் புத்தகம் என்றே பெயராகிவிட்டது. நம் ஊர்ப் பட்டாவுக்கு நிகராக அதைச் சொல்லலாம்.

கான் தோ நகரிலிருந்து படகில் ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்த ஊரில் முதிய உழவர் ஒருவர் அதை எங்களுக்கு எடுத்துக் காட்டினார். முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும் மாடத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் தகர டப்பா, அதற்குள் பாலித்தீன் உறை, அதற்குள் புத்தகம். புத்தகத்தின் பின்பக்கத்தில் வங்கியில் அடகு வைத்ததற்கும் மீட்டதற்கும் பதிவுகள் வரிசையாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன், ஏழு முறை வைத்து ஏழு முறையும் மீட்டிருக்கிறார். முதல் கடன் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு, அடுத்தது மகளின் படிப்புக்கு என்று மொழிபெயர்ப்பாளர் வழியே விவரம் சொன்னார். 1990களுக்கு முன் அந்நாட்டு அரசு வங்கிகள் பண்ணைகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் மட்டுமே கடன் கொடுத்து வந்தன. தனிக் குடும்பத்துக்குக் கடன் என்பதே கிடையாது. கடன் மனுவோடு என் மேசைக்கு வந்து, பெயரில் பட்டா இல்லாததால் வெறுங்கையோடு திரும்பிப்போன குத்தகைதாரர்களின் முகங்கள் அப்போது நினைவுக்கு வந்தன.

விலையைப் பற்றியும் ஒரு செய்தி. 1990களில் அரிசி ஏற்றுமதிக்கான உச்சவரம்பை வியட்நாம் படிப்படியாக உயர்த்தியது. மாகாணங்களுக்கு இடையே அரிசி கொண்டுபோவதற்கு இருந்த தடைகள் 1997இல் நீக்கப்பட்டன. 1993க்கும் 1998க்கும் இடையில் மற்ற பொருள்களின் விலையோடு ஒப்பிட்டால் அரிசி விலை ஏறத்தாழ 30 சதவீதம் ஏறியது. விலை ஏறினால் குழந்தைகளையும் வயலுக்கு இழுப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். எரிக் எட்மண்ட்ஸ், நினா பாவ்ச்னிக் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து கண்டது நேர்மாறானது: அந்த ஐந்தாண்டுகளில் குழந்தைத் தொழில் வெகுவாகக் குறைந்தது; அந்தக் குறைவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்குக்கு அரிசி விலை ஏற்றமே காரணம். வீட்டில் நாலு காசு மிஞ்சியதும் பெற்றோர் முதலில் செய்தது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதுதான். ஆனால் இந்தப் பலன் பரவலாகக் கிடைத்ததற்குக் காரணம், வட பகுதியில் நிலம் தலைக்கு இவ்வளவு என்று ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்பட்டிருந்தது. நிலம் சிலர் கையில் குவிந்திருக்கும் நாட்டில் அரிசி விலை ஏறினால், அரிசியை விலை கொடுத்து வாங்கும் கூலித் தொழிலாளி இன்னும் ஏழையாவார்.

இங்கே ரஷ்யாவை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1992 ஜனவரி 2ஆம் தேதி அங்கேயும் விலைகள் விடுவிக்கப்பட்டன. அந்த ஓராண்டில் விலைவாசி இருபது மடங்குக்கும் மேல் ஏறி, மக்களின் வாழ்நாள் சேமிப்பைக் கரைத்தது. ஆலைகளில் பங்கு என்று ஆளுக்கொரு 10,000 ரூபிள் சீட்டு கொடுத்தார்கள். பலரும் அதை அற்ப விலைக்கு விற்றனர். ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் 64 ஆண்டுகளுக்கு அருகில் இருந்தது, 1994இல் 58க்கும் கீழே இறங்கியது. போரில்லாத காலத்தில் இப்படி ஒரு சரிவு வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை. ரஷ்யா ஆலைகளை நம்பிய நாடு, வியட்நாம் வயலை நம்பிய நாடு. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை என்பதை அறிவேன். ஆனால் கையில் சீட்டுக் கொடுப்பதும் நிலம் கொடுப்பதும் ஒன்றல்ல.

வியட்நாமில் எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நான் சொல்லவில்லை. 1989இல்தான் அங்கே அரசு மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் கட்டணம் புகுத்தப்பட்டது. கூட்டுறவுப் பண்ணைகள் நடத்திவந்த கிராம மருத்துவ நிலையங்கள் பண்ணைகளோடு சேர்ந்து நலிந்தன. நோய்க்குச் செய்த செலவால் எருமையை விற்ற குடும்பம், நிலத்தை விற்ற குடும்பம் என்று நாங்கள் தங்கியிருந்த ஊரிலேயே கேள்விப்பட்டோம். 1997இல் தாய் பின் மாகாணத்தில், நெல்லுக்குப் பேர்போன அந்த மண்ணிலேயே, உள்ளூர் அதிகாரிகள் சுமத்திய வரிகளையும் ஊழலையும் எதிர்த்து ஆயிரக்கணக்கான உழவர்கள் திரண்டு எழுந்தனர்.

இதைவிட ஆழமான குறை மலைப்பகுதிகளில் இருக்கிறது. அந்நாட்டில் அரசு ஏற்றுள்ள இனங்கள் 54. அவற்றுள் கின் இனத்தார் மட்டுமே மக்கள்தொகையில் ஏறத்தாழ 85 சதவீதம். 1993க்கும் 2002க்கும் இடையில் கின் மக்களிடமும் சீன வம்சாவளியினரிடமும் வறுமை 54 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக இறங்கியது. மோங் உள்ளிட்ட சிறுபான்மை இனங்களிடமோ 86இலிருந்து 69 வரைதான். நெல் விளையாத சரிவு நிலம், தொலைவிலுள்ள சந்தை, தாய்மொழியில் இல்லாத பள்ளி ஆகியவற்றுக்கு 10ஆம் எண் தீர்மானத்தில் விடை இல்லை. மத்திய மேட்டுநிலத்தில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது சமவெளியிலிருந்து குடியேறியவர்கள் கைக்கு நிலம் மாறியது. 2001 பிப்ரவரியில் அங்கே பழங்குடி மக்கள் வீதிக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மிக ஏழ்மையான ஊராட்சிகளுக்கென 1998இல் 135ஆம் எண் திட்டம் தொடங்கப்பட்டுச் சாலையும் பள்ளியும் போடப்பட்டன என்பது உண்மை. ஆயினும் அந்நாட்டில் இன்று எஞ்சியிருக்கும் ஏழைகளில் பெரும்பான்மையோர் இந்த மக்களே. நடுப்பக்கக் கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதே எனக்குப் பெரும் வருத்தம்.

ஆலைகளின் பங்கை மறுப்பதும் என் நோக்கமில்லை. தனியார் நிறுவனம் தொடங்குவதை எளிதாக்கிய சட்டம் 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, ஆடை, காலணி, மின்னணு ஆலைகளுக்குக் கிராமத்துப் பெண்கள் போய் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பியதால் வறுமை மேலும் இறங்கியது. ஆனால் ஆலை வாசலில் போய் நின்ற அந்தப் பெண்கள், நெல் விற்ற காசில் பள்ளி முடித்தவர்கள். அந்த ஆலைகளுக்கும் புதிய நகரங்களுக்கும் எடுக்கப்பட்டதும் அதே நெல்வயல்கள்தான். சந்தை விலைக்கு வெகு கீழே அரசு நிர்ணயித்த தொகையை வாங்கிக்கொண்டு இடம்பெயர வேண்டியிருந்த உழவர்களின் மனக்குறை, அந்நாட்டில் பல ஆண்டுகளாக வந்த புகார் மனுக்களில் முதலிடம் பிடித்திருந்தது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய நிலச் சட்டம் பழைய விலை வரம்புகளை நீக்கிச் சந்தையை ஒட்டி விலை வகுக்கச் சொல்கிறது. அது எப்படி நடைமுறையாகிறது என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் கவனித்து எழுதினால் நன்றாயிருக்கும். வியட்நாமைப் பின்பற்றி இங்கே ஆலைகளுக்கு நிலம் எடுக்கச் சொல்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

கான் தோ உழவரின் சிவப்புப் புத்தகத்தில் ஒரு தேதி இருந்தது: 15-10-2013. இருபதாண்டு உரிமை முடியும் நாள். நாங்கள் அங்கே போனபோது அதற்கு இரண்டே முக்கால் ஆண்டுகள் இருந்தன. உங்கள் ஊர்ப் பட்டாவில் முடியும் தேதி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மாமரக் கன்றுகளை வரப்போரம் வாங்கி வைத்தாயிற்று, நடலாமா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை என்றார். 2013 நவம்பர் 29ஆம் தேதி ஹனோயில் தேசிய அவை புதிய நிலச் சட்டத்தை நிறைவேற்றி, விளைநிலத்துக்கான காலத்தை 50 ஆண்டுகளாக உயர்த்திய செய்தியைப் படித்த அன்று, அந்தக் கன்றுகளைத்தான் முதலில் நினைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
மன்னார்குடி.